ஞானசேகரன் இறங்கி வந்தார்

பிச்சையா கயிற்றின் ஒரு முனையை மாடி வாசல் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையைக் கையில் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்தார். கம்பி அசையவில்லை. "தாங்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

உள்ளே பாயில் அவருடைய அண்ணன் ஞானசேகரன் கிடந்தார். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, நாடியைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி ஏஞ்சலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மகள் ஆனி. விடியற்காலையில் கல்லூரிக்குக் கிளம்புவதற்காகப் போட்ட டிராக் பேண்ட்டையும் டீ ஷர்ட்டையும் அவள் இன்னும் மாற்றவில்லை.

"கயிறு எதுக்கு சித்தப்பா?"

"எதுக்குன்னா? அண்ணனை இறக்க வேண்டாமா? பெட்டி மேல ஏறாது. ஏணி வழியா ஆளு தூக்கிட்டு இறங்க முடியாது. கக்கத்துல ஒரு கட்டு, இடுப்புல ஒரு கட்டு. மேல ரெண்டு பேரு விட்டுக் கொடுத்தா, கீழ நாலு பேரு வாங்கிக்குவாங்க. இந்தச் சந்துல எல்லாரையும் இப்படித்தான இறக்குதோம்."

"மூட்டையை இறக்குற மாதிரி."

பிச்சையா முடிச்சை மறுபடியும் இறுக்கினார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அந்தச் சந்து அவர்கள் வீட்டோடு முடிந்துவிடும். சந்துக்குள் நுழைந்து நேராக நடந்து வந்தால் முகத்துக்கு எதிரே இருப்பது ஞானசேகரன் வீடுதான். கீழே இனாயத்துல்லாவின் பை தைக்கும் பட்டறை. மேலே ஒற்றை அறை. ஏறி இறங்க வெளியே ஓர் இரும்பு ஏணி, ஏறக்குறைய நெட்டாக, வாசற்படியில் இரண்டு கொக்கிகளில் மாட்டியிருக்கும். ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போகத்தான் ஞானசேகரன் கடைசியாக அதில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் இறந்தபோது, ஆட்கள் கையிலேயே தாங்கி ஏணி வழியாக இறக்கப் பார்த்தார்கள். பாதியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. இன்னொருவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அந்த அம்மாளின் தலை சுவரில் மோதிய சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அதிலிருந்துதான் கயிறு. பிச்சையா கல்நெஞ்சுக்காரர் அல்ல. அண்ணனின் தலை சுவரில் இடிபடக் கூடாது என்பதுதான் அவருக்கும் கவலை.

ஆனிக்கு அது புரிந்தது. ஆனாலும் அவள் கயிற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஞானசேகரன் மீசை முளைக்கிற வயதில் திசையன்விளைப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்தவர். வந்த நாளிலிருந்து தூக்கினார். தாராவித் தோல் கிடங்குகளில் உப்புப் போட்ட தோல் கட்டுகள். பிறகு குர்லாவில் பழைய இரும்புக் கோடவுன்களில் கம்பிகள், டிரம்கள், என்ஜின் துண்டுகள். கயிறு போட்டு முதுகில் ஏற்றி, லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு. ஐம்பதைத் தொடும் முன்பே முதுகு வளைந்துவிட்டது. நிற்கும்போதும் தரையைப் பார்த்தபடிதான் நிற்பார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கழுத்தை மட்டும் தூக்குவார். அந்தப் பார்வையில் எப்போதும் ஒரு கேள்வி இருப்பதுபோலத் தோன்றும்.

மகள் உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்றபோது ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் ஆவாள், விசில் ஊதுவாள் என்று நினைத்திருந்தார். அவள் அதைத் தாண்டிப் படித்து, செம்பூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு மாணவிகளின் உடலை வலுப்படுத்தித் தயார் செய்யும் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அது என்ன வேலை என்று அவர் கேட்டபோது, பளு தூக்கச் சொல்லிக் கொடுப்பதும் அதில் உண்டு என்றாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

"நான் தூக்கினதே நீ தூக்கக் கூடாதுன்னுதான்டி" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு கோயிலில் யாராவது கேட்டால், "காலேஜ்ல டீச்சரா இருக்கா" என்று முடித்துக்கொள்வார்.

ஆனியின் வேலையைச் சரியாகச் சொல்ல அவளுக்கே பல வருஷம் ஆயிற்று. கபடி சொல்லித் தர சைஃப் சார் இருந்தார். எதிராளியை எங்கே மடக்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆனியின் பொறுப்பு அதற்கு முந்தியது. ஆட்ட விரிப்பில் விழுகிற பெண் எந்தத் தோளில் விழ வேண்டும், பாய்ந்து நிற்கும்போது முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பாரத்தை எடுக்கும்போது எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும். "ஜெயிக்க வைக்கிறது சாரோட வேலை. உடையாம பாத்துக்கிறது என் வேலை" என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்வாள். அவர்களில் மராத்திப் பெண்கள் இருந்தார்கள், உத்தரப்பிரதேசத்துப் பெண்கள் இருந்தார்கள். அவள் எண்ணுவதும் மூச்சுக்குச் சொல்வதும் மட்டும் தமிழில். எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

போன வருஷம் ஒருநாள் ஞானசேகரன் கல்லூரிக்கு வந்தார். செம்பூரில் இருக்கும் மகன் ஏஞ்சலோவின் வீட்டுக்குப் போனவர், திரும்பும் வழியில் என்ன தோன்றியதோ, வாட்ச்மேனிடம் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஆனி அவரைக் கவனிக்கவில்லை. சாயிமா என்ற பெண் முழங்கால் ஆபரேஷன் முடிந்து, பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தோளில் கம்பியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். ஆனி அவள் பின்னால் நின்று இடுப்பருகே கைகளை வைத்து, தொடாமல், அவளோடு சேர்ந்து தானும் உட்கார்ந்து எழுந்தாள். சாயிமா கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு அழுதாள். மற்ற பெண்கள் கத்தினார்கள். ஆனி திரும்பியபோது கதவருகே அப்பா நின்றிருந்தார், கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் சயான் தாண்டியதும் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு முதுகு வலிக்காதா?"

"வலிக்காம இருக்கத்தான்ப்பா நான் இருக்கேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "எங்களுக்கு அப்படி ஒருத்தரு இல்லாமப் போச்சு" என்றார்.

இன்று விடியற்காலையில் அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். உட்கார வேண்டும் என்றார். நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று இரண்டாவது முறை சொன்னார். அவள் அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, தன் நெஞ்சில் அவர் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கீழே குழாயடியில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது.

"இன்னைக்குத்தான மேட்ச்சு?"

"ஆமாப்பா."

"போ. பிள்ளைங்க தேடும்."

அவருடைய மூச்சு அவள் நெஞ்சில் ஏறி இறங்கியது. மற்றவர்களின் மூச்சைக் கவனிப்பதே அவள் தொழில். அடுத்த மூச்சு வரவில்லை என்பது அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உடனே அசையவில்லை. அவர் நிமிர்ந்தபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

பிறகு சைஃப் சாருக்குப் போன் செய்தாள். "மேட்ச் முடியற வரைக்கும் பிள்ளைங்ககிட்ட சொல்ல வேண்டாம் சார்."

*

மத்தியானம் ஏஞ்சலோ வந்து ஏணியில் ஏறினான். முந்தின ராத்திரியே பாண்டுப்புக்கு ஆபீஸ் வேலையாகப் போனவன், மழையில் ரயில் நின்று நின்று வந்து சேர்ந்திருந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுக் கயிற்றைப் பார்த்தான்.

"இது என்ன சித்தப்பா? ஃபயர் பிரிகேட்டைக் கூப்பிடலாமே."

"கூப்பிட்டாச்சு தம்பி. மழையில மரம் விழுந்து கெடக்காம். சாயங்காலம் ஆகும்ங்கான். கோயில்ல பாதிரி ஐயரு காத்துக்கிட்டு இருக்காரு. கல்லறையில குழி வெட்டியாச்சு, தண்ணி ஊறுது."

ஏஞ்சலோ தங்கையைப் பார்த்தான். "எங்க வீட்டுக்கு வந்திருக்கலாம். லிஃப்ட் இருக்கு. எத்தனை தடவை சொன்னேன்." அவன் கயிற்றின் முனையைக் கையில் எடுத்தான். "இப்ப வேற வழி இல்ல ஆனி. கட்டி இறக்கிடுவோம். கண்ணை மூடிக்கோ."

ஆனி எழுந்தாள். வாசலுக்குப் போய்க் கீழே பார்த்தாள்.

காலையிலிருந்து அந்த வாசலில் பலமுறை நின்றிருக்கிறாள். இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பட்டறையின் கூரை தாழ்வு. உயரமான ஒருவர் கீழே நின்று கையைத் தூக்கினால் மாடி வாசற்படியைத் தொட்டுவிடலாம். வாசலுக்கு நேர் எதிரே சந்து நீளமாகப் போகிறது. தடுக்க எதிர்ச்சுவர் இல்லை. ஏணியைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டால், வாசலிலிருந்து ஒரு பலகையை அப்படியே நேராக வெளியே நீட்டலாம். கீழே இரண்டு வரிசையாக ஆட்கள் கையைத் தூக்கி நின்றால் பலகையை வாங்கிக்கொள்ளலாம். படுத்தது படுத்தபடி. சாய வேண்டியதில்லை, தொங்க வேண்டியதில்லை.

"இனாயத் மாமா" என்று கூப்பிட்டாள்.

பட்டறையைக் காலையிலேயே மூடிவிட்டு வாசலில் நின்றிருந்த இனாயத்துல்லா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ரெக்சின் வெட்டுற பலகை இருக்குல்ல, நீளமானது. அது வேணும். பைக்குத் தைக்கிற பெல்ட்டும்."

"எடுத்துக்க பாப்பா" என்று உள்ளே போனவர், பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மேலே அனுப்பினார்.

பிச்சையாவுக்கு அவள் திட்டம் புரிந்ததும் தலையை ஆட்டினார். "ஆகாது. மொத்தப் பாரமும் தலைக்கு மேல நிக்கும். ஒருத்தன் கை தளந்தாப் போதும். போன மழையில பாத்தல்லா."

"தளராத ஆளுங்க வேணும்."

"எங்க இருக்கான்? எல்லாவனும் வேலைக்குப் போயிட்டான். இங்க நிக்கறது நானும், நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச வானமாமலை அண்ணாச்சியும், இனாயத் பாயோட தையல்காரப் பையங்களும்தான்."

அவர் சொன்னது சரிதான். தையல்காரர்கள் உடனே சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாரானார்கள். ஆனால் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. ஒருவர் அவசரக்காரர். சேர்ந்து தூக்கிப் பழக்கமில்லாதவர்கள். தூக்குகிற பலம் ஆறு பேருக்கு இருந்தாலும், ஆறு பேரும் ஒரே கணத்தில் தூக்காவிட்டால் பாரம் ஒருவர் மேலேயே விழும். அது ஆனிக்குத் தெரியும்.

அவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிச்சையா காத்திருந்தார். "நேரம் போகுது மக்கா" என்றார், மெதுவாகத்தான்.

அப்போது சந்தின் முனையில் சத்தம் கேட்டது. யாரோ வழி கேட்டார்கள். நீல ஜெர்சிகள் தெரிந்தன. ஒருவர் பின் ஒருவராக, மழையில் நனைந்து, தோளில் பைகளுடன், கபடிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் டீம் கேப்டன் ராஜலக்ஷ்மி. அவள் பின்னால் பரீஹா, சாயிமா, மற்றவர்கள். ஏணியடிக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாத நிற்பு.

ராஜலக்ஷ்மி மட்டும் ஏறி வந்தாள். வாசலில் செருப்பில்லாமல் நின்று, உள்ளே கிடந்தவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சார் இப்பத்தான் சொன்னாரு மிஸ். ஆட்டோ பிடிச்சு வந்துட்டோம்."

அவள் கழுத்தில் ஒரு ரிப்பன் தெரிந்தது. மெடலை ஜெர்சிக்குள் தள்ளி மறைத்திருந்தாள். ஆனி கீழே பார்த்தாள். எல்லாக் கழுத்திலும் அதே ரிப்பன்.

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்ல மிஸ். யாருக்கும் இல்ல."

ஆனி அந்தப் பதிலை ஒருமுறை உள்ளே வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ராஜி, எனக்கு ஒரு உதவி செய்யணும். செய்ய முடியாதுன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டேன். எங்க அப்பாவைக் கீழ இறக்கணும்."

ராஜலக்ஷ்மி வாசல் கம்பியையும், கயிற்றையும், பலகையையும் பார்த்தாள். "ஓவர்ஹெட்டா மிஸ்?"

"ஓவர்ஹெட். தலைக்கு மேல கையில வாங்கி, அப்புறம் தோள்."

"எத்தனை பேர்?"

"ஆறு."

ராஜலக்ஷ்மி குனிந்து கீழே இந்தியில் ஏதோ சொன்னாள். கீழே பைகள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்குள் போயின.

"ஏய், இரு இரு" என்றார் பிச்சையா. "பொம்பளைப் பிள்ளையளா? சவத்தைத் தூக்கவா? என்ன பேச்சு இது ஆனி? நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவான்? ஐயரு என்ன சொல்லுவாரு?"

ஏஞ்சலம்மாள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

"ஐயரா வந்து தூக்கப் போறாரு?"

"அதுக்கில்ல மதினி..."

"உங்க அண்ணன் ஆயுசு பூரா கயித்தோட கெடந்தாவ தம்பி. இனி வேண்டாம். பிள்ளையளே தூக்கட்டும்."

பிச்சையா வாசலுக்குப் போய், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கிப் போட்ட முடிச்சு. அவிழ நேரம் பிடித்தது.

*

ஆனி கீழே இறங்கிப் போய்ப் பெண்களை நிறுத்தினாள். உயரத்துக்கு உயரம் பொருத்தினாள். முன்னால் ராஜலக்ஷ்மியும் பரீஹாவும், நடுவில் ஒரே உயரமான இரண்டு மராத்திப் பெண்கள், பின்னால் சாயிமாவும், அவளோடு எப்போதும் ஜோடி சேரும் பெண்ணும். அவர்கள் நின்ற ஈரச் சிமெண்டில் கால் வழுக்காமல் இருக்க, இனாயத்துல்லா பட்டறையிலிருந்து சாக்குகளைக் கொண்டு வந்து விரித்தார். சந்துக்குக் குறுக்கே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லாமலேயே அவிழ்த்தார்கள். ஒரு தையல்காரர் மூங்கில் கழியால் தொங்கிய வயர்களை மேலே தூக்கிப் பிடித்தார். மழை நின்றிருக்கவில்லை. தூறல்.

"சாயிமா, முழங்கால்?"

"நல்லா இருக்கு மிஸ்."

"பொய் சொல்லாத."

"அல்லா சத்தியமா நல்லா இருக்கு. கடைசி ரெய்டு நான்தான் போனேன்."

ஆனி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு மேலே ஏறினாள். அவள் ஏறியதும் கீழே ஏணியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள்.

அவளும் ஏஞ்சலோவும் பிச்சையாவும் சேர்ந்து அப்பாவைப் பலகையில் வைத்தார்கள். வளைந்த முதுகுக்கு அடியில் ஏஞ்சலம்மாள் தன் சேலை ஒன்றை மடித்து வைத்தாள். பைக்குத் தைக்கிற அகலமான பெல்ட்டுகளால் நெஞ்சிலும் இடுப்பிலும் காலிலும் கட்டினார்கள். ஆனி ஒவ்வொரு கட்டுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு அது அழுத்தக் கூடாது என்பதுபோல.

கால் பக்கம் முதலில். பலகை வாசலைத் தாண்டி மெல்ல வெளியே நீண்டது. ராஜலக்ஷ்மியும் பரீஹாவும் கைகளைத் தூக்கினார்கள். விரல்கள் பலகையைத் தொட்டன. ஆனி தலைப்பக்கம் மண்டியிட்டுப் பிடித்திருந்தாள். ஏஞ்சலோ அவள் பக்கத்தில்.

"மூச்சு இழு" என்றாள் ஆனி.

கீழே ஆறு நெஞ்சுகள் ஒன்றாக ஏறின. அவளுக்கு அது தெரிந்தது.

"வயித்தை இறுக்கு. ஒண்ணு."

பலகை ஒரு கை நகர்ந்தது. முதல் ஜோடி ஓரடி பின்னால் வைத்தது. நடு ஜோடி உள்ளே வந்து கையைக் கொடுத்தது.

"ரெண்டு."

மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பலகை சமமாக இருந்தது. ஒரு பக்கம்கூடத் தாழவில்லை. பரீஹாவின் கைகள் நடுங்கின. அது களைப்பின் நடுக்கம் இல்லை, பாரத்தைத் தாங்கி நிற்கும் தசையின் துடிப்பு. ஆனிக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவள் பயப்படவில்லை.

"மூச்சு விடு. திரும்ப இழு. மூணு."

பலகை முழுக்க வெளியே போய்விட்டது. தலைப்பக்கத்து முனை மட்டும் அவள் கையில். சாயிமாவும் அவள் ஜோடியும் வாசலுக்கு நேர் கீழே வந்து கைகளை உயர்த்தினார்கள். சாயிமாவின் உள்ளங்கை பலகையில் பதிந்தது. அவள் கண்ணால் சைகை காட்டினாள்.

ஆனி விட வேண்டும்.

பயிற்சியில் இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்வார்கள். வாங்குபவர் வாங்கிய பிறகும் கொடுப்பவர் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பார்கள். விடும்போது முழுசாக விட்டுவிட வேண்டும் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஏஞ்சலோ இன்னும் பிடித்திருந்தான். அவள் தன் தோளால் அவன் தோளைத் தொட்டாள்.

"விடுவோம்ண்ணே."

இருவரும் விட்டார்கள்.

ஞானசேகரன் அந்தச் சந்துக்கு மேலே, ஆறு பெண்களின் கைகளில், மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தார். சேலை மடிப்பில் முதுகு படிந்து, நேராக. அவரை அப்படி நிமிர்ந்த நிலையில் பார்த்தவர் அந்தக் கேம்ப்பில் அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"தோளுக்கு" என்றாள் ஆனி. "மெதுவா. சேந்து."

பலகை இறங்கியது. தலைக்கு மேலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து தோளுக்கு. ஒரு கிண்ணம் தண்ணீரை அதில் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. தோளில் பட்டதும் ஆறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள். அந்தச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

ஏஞ்சலம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "இறங்கிட்டாவ" என்றாள்.

பக்கத்து மாடியிலிருந்து யாரோ ஒரு பெண் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினாள். சந்து முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

சந்து அகலமாகும் இடத்தில், குழாயடியில், இரண்டு ஸ்டூல்கள் மேல் பெட்டி திறந்து காத்திருந்தது. அதுவரைக்கும் பெண்கள் பலகையைத் தோளிலேயே சுமந்து போனார்கள். முன்னால் ராஜலக்ஷ்மி வழியில் கிடந்த குடத்தைக் காலால் நகர்த்தினாள். ஏணியை மறுபடி மாட்டியதும் ஆனி இறங்கி ஓடினாள். பெட்டியில் வைத்து, பெல்ட்டுகளை அவிழ்த்து, மூடி போட்டதும், மெயின் ரோட்டில் நின்ற வண்டிவரை கொண்டு போக வேண்டும். பெண்கள் கலையாமல் நின்றார்கள். அதையும் அவர்களே தூக்கப் போகிறார்கள் என்பது யாரும் சொல்லாமல் முடிவாகியிருந்தது.

பிச்சையா பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, எனக்கும் ஒரு பக்கம் குடுப்பீங்களா?"

அவர் யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. ராஜலக்ஷ்மி ஆனியைப் பார்த்தாள். ஆனி அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். "நடுவுல வாங்க சித்தப்பா. நான் உங்களுக்கு ஜோடி. அண்ணே, நீ முன்னால, ராஜிக்கு ஜோடி." அவர் குனிந்தபோது சொன்னாள், "முதுகை வளைக்காதீங்க. முட்டியை மடக்குங்க. மூச்சை அடக்க வேண்டாம்."

பிச்சையா முட்டியை மடக்கினார். ஆனி எண்ணினாள். பெட்டி எழும்பியபோது அவர் ஆச்சரியத்தோடு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, பாரமே தெரியல."

"எல்லாரும் சேந்து தூக்குதோம்ல சித்தப்பா."

லேபர் கேம்ப்பிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியெல்லாம் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு டெம்போ ஹாரனை அடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது. கோயிலில் வண்டியிலிருந்து இறக்கியபோதும் அவர்களே தோள் கொடுத்தார்கள். வாசலில் காத்திருந்த ஐயர், பெட்டிக்குக் கீழே நீல ஜெர்சிகளைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் தானே அகலமாகத் திறந்தார்.

*

கல்லறையிலிருந்து திரும்பியபோது பொழுது சாயவில்லை. மழை விட்டு, ஈரத் தகரக் கூரைகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இனாயத்துல்லா வீட்டிலிருந்து பெரிய குண்டானில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் வந்திருந்தன. பட்டறையில் தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். காலையில் மேட்சுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் தின்றதோடு சரி என்று பெண்கள் சொன்னார்கள். ஆனி கோபித்துக்கொண்டாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார்கள்.

பிச்சையா குண்டானிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டார். பரீஹா போதும் என்று கையைக் குறுக்கே வைத்தும் ஒரு கரண்டி விழுந்தது.

"ஜெயிச்சுட்டீங்களாமே?" என்று கேட்டார்.

பெண்கள் ஆனியைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் இன்று அதைச் சொல்லலாமா என்று தெரியாமல்.

"சொல்லு" என்றாள் ஆனி. "எனக்கே இன்னும் தெரியாது."

பரீஹா முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தாள். இடைவேளை வரை பின்தங்கியிருந்தது, எதிர் டீமில் இருந்த நெட்டைப் பெண், ராஜலக்ஷ்மி அவளை எப்படி மடக்கினாள். சொல்லச் சொல்ல வேகம் கூடி, தமிழ் போய் இந்தி வந்துவிட்டது. கடைசி ரெய்டுக்கு வந்தபோது அவளால் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று காட்டினாள். சாயிமா உள்ளே போனாள், மூன்று பேர் அவளைப் பிடித்தார்கள், மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே சாயிமா விழுந்து, கையை நீட்டி, நடுக்கோட்டைத் தொட்டாள்.

"அந்தக் காலாலயா?" என்றாள் ஆனி.

"அந்தக் காலாலதான் மிஸ்" என்றாள் சாயிமா. "நீங்க சொன்ன மாதிரியே. முழங்கால் முன்னால பாத்துச்சு."

ஏஞ்சலோ சிரித்துவிட்டான். சிரித்ததற்கு வெட்கப்பட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிச்சையா கரண்டியோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனி எழுந்து போய்த் தண்ணீர் செம்பை எடுத்து வந்து எல்லாருக்கும் ஊற்றினாள்.

ஏஞ்சலம்மாள் ஏணி ஏற மறுத்துவிட்டுப் பட்டறைச் சுவரோரம், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. பரீஹா கதையை முடித்து, மூச்சு வாங்க, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜெர்சியின் கை தோள்வரை சுருண்டிருந்தது. பலகை அழுத்திய தடம் அங்கே சிவப்பாகத் தெரிந்தது.

ஏஞ்சலம்மாள் கையை நீட்டி, அந்தப் பெண்ணின் புஜத்தை விரல்களால் பற்றினாள். மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பரீஹா சாப்பிடாமல், அசையாமல், கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே குழாயில் சாயங்காலத் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. ஏஞ்சலம்மாள் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் தட்டை அருகே இழுத்து, ஒரு வாய் சோறு எடுத்தாள்.